தைக்காத தையல் வட்டம்

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை காலை. மறுநாள் ஊராட்சி சபைக்கு ஓட்டு. குன்வோர் அடுப்பில் பால்கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது.

"குன்வோரா? நான் போதகரம்மா பேசறேன்."

தேவாலயமும் போதகர் வீடும் அக்கரையில் இருந்தன. போதகரின் மனைவி லாம்மர்ஸ் அம்மா ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் பிடித்துச் சொல்வார். போன் செய்கிற வழக்கம் கிடையாது.

"மதியம் படகுல வரேன். மிஷன் பஜாருக்கு உங்க கைவேலையெல்லாம் எடுத்துட்டுப் போகணும். கோடை முழுக்க வியாழக்கிழமை தவறாம கூடியிருக்கீங்களே, பெட்டி நிரம்பி வழியுமே!"

"ஆமா, வழியுது" என்றாள் குன்வோர்.

ரிசீவரை வைத்துவிட்டு நேராக உள்ளறைக்குப் போய், ஜன்னலடியில் கிடந்த பெரிய மரப்பெட்டியைத் திறந்தாள். அடியில் இரண்டு தலையணை உறை. அதன்மேல் பாதி பின்னிய ஒரு காலுறை, ஊசிகளோடு. அவ்வளவுதான்.

அடுக்களையிலிருந்து கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது.

பிப்ரவரியிலிருந்து ஒவ்வொன்றாக யோசித்துச் செய்தவள் அவள். எங்கே கூடுவது, யாரைச் சேர்ப்பது, ஆண்கள் யாராவது திடீரென்று உள்ளே வந்தால் பேச்சை எப்படி மாற்றுவது, எல்லாம். ஹாம்னெவிக் மாதிரிச் சின்ன ஊரில் பெண்களுக்கென்று ஓர் அரசியல் சங்கம் தொடங்கினால் மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஆனால் மிஷனுக்காகத் தைக்கிற வியாழக்கிழமை வட்டம் எத்தனையோ வருடமாக இருக்கிறது. அதில் என்ன பேசுகிறார்கள் என்று எந்த ஆணும் கேட்டதில்லை. ஆகவே சங்கத்தை அதற்குள் வைத்துவிட்டாள். கட்சி வித்தியாசம் இல்லாமல் பெண்கள் சேர்ந்தார்கள். காபி குடித்தார்கள். திட்டம் போட்டார்கள்.

தைக்கத்தான் மறந்துவிட்டார்கள்.

சங்கம் எதற்காகத் தொடங்கியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று ஊராட்சி சபைக்கு மனு போனது. சபையில் ஒரே ஒரு பெண். மற்ற எல்லாரும் ஆண்கள். மனு நிராகரிக்கப்பட்டது. நிராகரிக்கக் கை தூக்கியவர்களில் ஒருவன் குன்வோரின் கணவன் தோர்லைஃப்.

அடுத்த வியாழன் அவள் பிஸ்கட் தட்டை மேசை நடுவில் வைத்து விளக்கத் தொடங்கினாள்.

"கவனிங்க. கட்சிக்கு எத்தனை இடம்னு, அதோட வேட்பாளர் பேரெல்லாம் அச்சான சீட்டு எத்தனை விழுதுங்கறது தீர்மானிக்குது. ஆனா அந்த இடத்துல யாரு உட்காரணும்? அதைச் சீட்டுல இருக்கற பேருங்க தீர்மானிக்குது. ஒரு பேருக்கு ஒரு பிஸ்கட். சரியா? இப்போ நான் ஒரு பேரை அடிக்கறேன்." ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "போச்சு. இன்னொரு பேரை ஓரத்துல திரும்ப எழுதறேன். அதுக்கு ரெண்டு பிஸ்கட்."

"சட்டம் இதுக்கு விடுதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எப்பவோ விட்டாச்சு."

"அப்புறம் ஏன் யாருமே செய்யறதில்ல?"

"அதனாலதான் நாம செஞ்சா பலிக்கும். ஊர்ல பாதிப் பேரு சீட்டை அப்படியே மடிச்சுப் போடறாங்க. எல்லாருக்கும் சமமா ஒவ்வொரு பிஸ்கட் போகுது. சமமா இருக்கற தராசுல கொஞ்சம் பேர் ஒரே பக்கமா கை வெச்சா போதும்."

அதே பேனா ஆண்களின் கையிலும் இருக்கிறது என்பதுதான் ஆபத்து. ஒவ்வொரு கட்சிச் சீட்டிலும் பெண்கள் கடைசியில்தான் இருந்தார்கள், ஒருவரோ இருவரோ. விஷயம் ஒரு நாள் முன்னால் கசிந்தாலும் ஆண்கள் அந்தப் பெயர்களை அடித்துவிடுவார்கள். அத்தோடு முடிந்தது.

ஜூன் மாதம் ஓர் ஒத்திகை வைத்தார்கள். போன தேர்தலின் பழைய சீட்டுகளைக் கொடுத்து ஆண்களின் பெயர் எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னார்கள். திரும்பி வந்தவற்றைப் பார்த்தால், ஒருத்தி தன் கணவனை விட்டிருந்தாள், ஒருத்தி அண்ணனை, ஒருத்தி பல் வைத்தியரை. சின்ன ஊர். எல்லா ஆணும் யாருக்காவது வேண்டியவன். குன்வோரின் சீட்டிலும் ஒரு பெயர் கோடு விழாமல் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் தோர்லைஃபின் தங்கை ஓஸ்லௌக். "அண்ணி, எங்க அண்ணனை மறந்துட்டீங்க போல" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாள். அன்றுதான் விதி போட்டார்கள்: யாருக்கும் விலக்கு இல்லை.

நண்பகலில் தோர்லைஃப் சாப்பிட வந்தான். கூட்டுறவுக் கடையின் மேனேஜர். பன்னிரண்டு வருடமாகச் சபை உறுப்பினர். இந்தத் தடவை கட்சிச் சீட்டில் முதல் பெயர் அவனுடையது. ஜெயித்தால் ஊராட்சித் தலைவர். ஒரு வாரமாக அவன் நடையிலேயே ஒரு துள்ளல்.

கஞ்சியின் நடுவே குழி பண்ணி வெண்ணெயை வைத்து, இலவங்கப்பட்டைப் பொடியைத் தூவினான்.

"அடிப்பிடிச்சிருக்கே."

"போன் வந்துச்சு."

"போதகரம்மாவா? கடைக்கும் பண்ணாங்க. பெட்டியைத் துறைக்குக் கொண்டுவர வண்டி வேணுமாம். நானே எடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டேன்."

குன்வோரின் கரண்டி நின்றது. "நீயா? கடையில பையன் இருக்கானே."

"ஓட்டுக்கு முந்தின நாள், போதகரம்மா பெட்டியை நான் தூக்கறதை ஊரே பார்க்கட்டும். அரசியல் தெரியாதா உனக்கு?" என்று கண் சிமிட்டினான். "கனமா இருக்குமா?"

"கனமாத்தான் இருக்கும்."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போன மறுநிமிடம் பின்வாசல் திறந்தது. ஓஸ்லௌக். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, தலையில் கட்டிய துணிகூட அவிழ்க்காமல், மீன் வாசனையோடு வந்திருந்தாள். அவள் பெயரும் சீட்டில் இருந்தது, கடைசிக்கு முந்தின வரியில்.

விஷயத்தைக் கேட்டதும் பெட்டியை எட்டிப் பார்த்தாள். காலுறையை ஊசியோடு தூக்கிப் பிடித்தாள்.

"இது யாருது?"

"என்னுது."

"ஏழு மாசத்துல இவ்வளவா? அண்ணி, நீங்க ஊரை ஆளப் பிறந்தவங்கதான். தைக்கப் பிறந்தவங்க இல்ல."

"கிண்டல் அப்புறம் பண்ணு. ஒரு மணி நேரத்துல வந்துடுவாங்க. வெறும் பெட்டியைப் பார்த்தா என்ன கேப்பாங்க? இத்தனை நாள் என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. அதை உங்க அண்ணன் முன்னாடி கேட்டா?"

ஓஸ்லௌக் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "இந்த ஊர்ல தையல் இல்லையா என்ன? எல்லாரு வீட்டு அலமாரியிலயும் அம்மா போட்ட பூவேலை இருக்கு, கல்யாணத்துக்கு வந்த மேசைவிரிப்பு இருக்கு. ஒண்ணு ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"பஜார்ல குலுக்கல் பரிசா விட்டுடுவாங்களே!"

"நாமளே டிக்கெட் வாங்கி நாமளே ஜெயிச்சுக்க வேண்டியதுதான்."

குன்வோர் தொலைபேசியின் கைப்பிடியைச் சுற்றினாள். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரின் எல்லா இணைப்பையும் கையால் மாற்றிக் கொடுக்கிறவள் ரக்ன்ஃப்ரிட். கணவனை இழந்தவள், இரண்டு பிள்ளைகள். வியாழக்கிழமைக்காரி. "புரிஞ்சுது" என்று மட்டும் சொன்னாள். சற்று நேரத்தில் ஊர் முழுக்க மணி அடிக்கத் தொடங்கியது.

பெண்கள் சைக்கிளில் வந்தார்கள், குழந்தை வண்டியின் மெத்தைக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்தார்கள். ஓஸ்லௌக் ஒவ்வொன்றையும் உதறி, பழைய மடிப்புத் தெரியாமல் வேறு விதமாக மடித்து அடுக்கினாள். பாச்சை உருண்டை வாசனை அடித்தவற்றை ஜன்னலுக்கு வெளியே பிடித்து ஆட்டினாள். பெட்டி நிரம்பியபோது படகின் ஊதல் கேட்டது.

லாம்மர்ஸ் அம்மா கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் பெட்டியைத் தொட்டார். மேலாக இருந்த கையுறைகளை எடுத்தார். நல்ல பின்னல் என்றார். தலையணை உறைகளைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு மேசைவிரிப்பை முழுக்க விரித்தார். நீல நூலில் ஓரமெல்லாம் நட்சத்திரப் பூ.

விரித்தவர் மடிக்கவில்லை.

"இது நாலு வருஷத்துக்கு முன்னாடி பஜார்ல மீன் ஏஜெண்ட் வீட்டுக்கு விழுந்த பரிசு. குலுக்கல்ல சீட்டை எடுத்தது நான். தைச்சதும் நான்" என்றார்.

குன்வோருக்குக் கன்னம் சூடேறியது. ஓஸ்லௌக் கூரையைப் பார்த்தாள்.

போதகரம்மா அடுத்த துணியை எடுத்தார். அதற்கடுத்தது. மூலையில் பின்னியிருந்த முதலெழுத்துகளையும், பழைய வருடங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசியில் எல்லாவற்றையும் திரும்ப வைத்து மூடியைச் சாத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"வியாழக்கிழமை நீங்க என்ன பண்றீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல."

ஓஸ்லௌக் குன்வோரைப் பார்த்தாள்.

"கேட்டா சொல்வீங்க. சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா என் வீட்டுக்காரர் கேக்கறப்ப நான் பொய் சொல்லணும். எனக்குப் பொய் வராது." கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டார். "ஆனா ஒண்ணு. அந்த பஜாரை நம்பி தூரதேசத்துல ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. நாளைக்கு அப்புறம் உங்களுக்கு வேலை கொஞ்சம் குறையும்னு நினைக்கறேன். உட்கார்ந்து தைக்கணும். நிஜமா தைக்கணும்."

"தைக்கறோம்" என்றாள் குன்வோர்.

"உன் வீட்டுக்காரன் கேட்டான்னா, பெட்டி நிறைய இருந்தது, எல்லாம் அழகா இருந்ததுன்னு சொல்வேன். அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

வெளியே வண்டியின் ஒலிப்பான் கேட்டது. தோர்லைஃப் வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பெட்டியைத் தூக்கினான். ஒரு கணம் முகம் சிவந்தது. "அடேயப்பா!" என்றான். துறைக்குப் போகிற வழியெல்லாம் ஜன்னல் ஜன்னலாகக் கையசைத்துக்கொண்டே போனான்.

ஓஸ்லௌக் நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். "தப்பிச்சோம், அண்ணி!"

குன்வோரும் அப்படித்தான் நினைத்தாள். காபி போட்டு இருவரும் குடித்தார்கள். ஓஸ்லௌக் தன் வீட்டுக்குப் போனாள்.

கடையை அடைத்துவிட்டு தோர்லைஃப் வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. வழக்கமாக வாசலிலேயே பூட்ஸைக் கழற்றுவான். இன்றைக்கு அப்படியே உள்ளே வந்து மேசையருகில் உட்கார்ந்தான்.

"பெட்டி நல்ல கனம்" என்றான்.

"சொன்னேனே."

"போதகரம்மாவும் சொன்னாங்க. நிறைய இருந்துச்சாம். அழகா இருந்துச்சாம்."

"அப்படியா."

"எந்த நூல்ல தைச்சீங்க?"

குன்வோர் திரும்பவில்லை. பாத்திரம் துடைத்த துணியை மடித்தாள். மறுபடி மடித்தாள்.

"இந்த ஊர்ல நூல் விக்கிற கடை ஒண்ணே ஒண்ணு. அதுல மேனேஜர் நான். பூவேலை நூல் வசந்தத்துல இருந்து ஒரு கண்டுகூடப் போகல. கம்பளி நூல் அலமாரியில தூசி தட்டறேன். காபித்தூள் மட்டும் புதன்கிழமை சாயந்தரம் ரெண்டு மடங்கு போகுது. இத்தனை நாள் நான் இதை யோசிக்கவே இல்ல. இன்னிக்கு அந்தப் பெட்டியைத் தூக்கினப்பதான் யோசிச்சேன். வெறும் பெட்டியா இருந்தா, பொம்பளைங்க வம்பு பேசிட்டுச் சோம்பேறியா இருந்துட்டாங்கன்னு சிரிச்சுட்டுப் போயிருப்பேன். நிரப்பி வெச்சிருக்கீங்களே, அதான் உறுத்துது. எதை மறைக்கறீங்க?"

பொய் தயாராகத்தான் இருந்தது. நகரத்திலிருந்து நூல் வரவழைத்தோம் என்று சொன்னால் போதும். பிப்ரவரியிலிருந்து எத்தனையோ சின்னப் பொய்கள் சொல்லியாயிற்று. ஆனால் அவையெல்லாம் அவன் கேட்காத கேள்விகளுக்கு. இன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்கிறான், நேருக்கு நேராக.

"தைக்கல. பேசினோம்" என்றாள்.

"எதைப் பத்தி?"

"நாளைக்கு என்ன செய்யறதுன்னு."

அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சுவரோரத்து அலமாரியின் மேல் கட்சிக்காரர்கள் வீடு வீடாகக் கொடுத்த சீட்டுகள் இருந்தன. அவன் பார்வை அங்கே போய் நின்றது. வீட்டிலேயே வைத்துத் திருத்தி, மடித்து எடுத்துப் போய்ப் போடலாம். ஊர் வழக்கம் அது.

"பேரை அடிக்கப் போறீங்க."

"ஆமா."

"யார் யாரை?"

"ஆம்பளைங்களை."

"சிவெர்ட்டையா? கட்சித் தலைவர் அவன்!"

"அவரையும்."

"பள்ளிக்கூட வாத்தியாரை? அவரு நல்ல மனுஷன், குன்வோர்!"

"நல்ல மனுஷன்தான். அவரையும்."

தோர்லைஃப் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "என்னை?"

கட்சிக்கு ரொம்ப வேண்டியவர்களின் பெயரைச் சீட்டில் அடுத்தடுத்து இரண்டு முறை அச்சிடுவார்கள். தொடாமல் போடுகிற ஒவ்வொரு சீட்டிலும் அவர்களுக்கு இரட்டிப்பாக விழும். இந்தத் தடவை அப்படி அச்சானவன் தோர்லைஃப். அவனை மட்டும் கீழே இறக்குவது மற்ற யாரையும்விடக் கஷ்டம் என்று சங்கத்தில் கணக்குப் போட்டவள் குன்வோர்தான்.

"உன் பேரு ரெண்டு தடவை இருக்கு. ரெண்டு கோடு போடணும்" என்றாள்.

"என் பொண்டாட்டியே!"

"உன் பொண்டாட்டிதான்."

"பன்னிரண்டு வருஷம், குன்வோர். குளிர்லயும் மழையிலயும் ஒரு கூட்டம் விட்டிருப்பேனா? ஊருக்குத் தண்ணிக் குழாய் யாரால வந்துச்சு? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முதல் நாற்காலியில உட்காரணும்னு நினைச்சேன். அந்த ஒரு மனுவுக்காகவா இதெல்லாம்? அதை என்கிட்டயே கேட்டிருக்கலாமே!"

"கேட்டேன். அன்னிக்கு நீ சபையில இருந்து வந்தப்ப, என்னாச்சுன்னு கேட்டேன். என்ன சொன்ன தெரியுமா?"

அவனுக்கு நினைவில்லை.

"'காபி ஆறறதுக்குள்ள முடிச்சுட்டோம்'னு சொன்ன. நல்ல மனுஷன்தான் நீயும். அதான் எனக்குத் தாங்கல."

தோர்லைஃப் எழுந்து தொலைபேசியிடம் போய்க் கைப்பிடியைச் சுற்றினான்.

"ரக்ன்ஃப்ரிட்? சிவெர்ட் வீட்டைக் கொடு."

எதிர்ப்பக்கம் பதில் வரச் சற்று அதிக நேரமானது. குன்வோருக்கும் கேட்டது.

"லைன்ல பேசிட்டிருக்காங்க, தோர்லைஃப்."

"யாரோட?"

"அதை நான் சொல்லக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"சனிக்கிழமை இந்நேரம் அவன் படுத்துத் தூங்குவான். யாரோட பேசுவான்? சரி, காத்திருக்கேன்."

"ரொம்ப நேரம் ஆகும் போல இருக்கு."

தோர்லைஃப் ரிசீவரை மெல்லக் காதிலிருந்து இறக்கினான். அவன் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. "இவளுமா?" என்றான். பிறகு கோபம் வந்தது. "தந்தி இலாகாவுக்கு ஒரு கடுதாசி போட்டா என்ன ஆகும்னு இவளுக்குத் தெரியுமா?"

தெரியும். குன்வோருக்கும் தெரியும். அந்த எக்ஸ்சேஞ்ச் வேலையை விட்டால் ரக்ன்ஃப்ரிட்டுக்கு மீன் தொழிற்சாலைதான். அவளுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஊரில் இடம் கிடையாது. தோர்லைஃபை இப்போது தடுத்தாலும் என்ன? சிவெர்ட்டின் வீடு நடந்துபோகிற தூரம்தான். ராத்திரிக்குள் பாதி ஊர் ஆண்களுக்குச் செய்தி போய்விடும். ஓஸ்லௌக்கின் பெயர்மேல் நாளைக்குக் கோடு விழும். தன் சங்கம் தன் வீட்டு அடுக்களையிலேயே செத்துப்போகும். அதோடு ரக்ன்ஃப்ரிட்டின் பிழைப்பும் போக வேண்டுமா?

அவள் போய் அவன் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"ரக்ன்ஃப்ரிட், நான்தான். அவர் கேட்ட லைனைக் கொடு."

"உனக்குப் பைத்தியமா?"

"கொடு. உன் வேலை போகக் கூடாது."

"குன்வோர், எல்லாம் நாசமாப் போயிடும்டி!"

"கொடு."

ஒரு பெருமூச்சு. பிறகு 'டக்' என்று சத்தம். தூரத்தில் மணி அடிக்கத் தொடங்கியது.

குன்வோர் ரிசீவரைக் கணவனிடம் திருப்பிக் கொடுத்தாள். "பேசு. உன்னை நான் தடுக்க மாட்டேன். ஆனா இங்கேதான் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் காதுல கேக்கற மாதிரி பேசு."

நாற்காலியை அவனுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. தூக்கக் கலக்கத்தோடு சிவெர்ட்டின் தடித்த குரல் அடுக்களை வரைக்கும் கேட்டது.

"ஹலோ? யாரு? ...ஹலோ? யாருன்னு கேக்கறேன்ல?"

அவளுடைய கண்களை விட்டுப் பார்வையை எடுக்காமல் தோர்லைஃப் வாயைத் திறந்தான்.